முகம் எத்தனை வேண்டுமானாலும் உண்டு: டி அண்ட் டி சேஞ்ச்லிங் இனம், ஒரு விமர்சனம்

நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். அதில் புதிதாகச் சேருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் பாத்திரம் ஒன்று உண்டு: தேவதை உலகத்திலிருந்து வந்தவன், நினைத்தபடி முகம் மாறுவான், எல்லோரையும் ஏமாற்றுவான், உள்ளுக்குள் மட்டும் ஒரு சாதாரண மனிதனாகக் குடும்பம் நடத்த ஆசைப்படுவான். ஐந்தாம் பதிப்பில் இதற்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிற இனம் சேஞ்ச்லிங். 2022-இல் வந்த 'மான்ஸ்டர்ஸ் ஆஃப் த மல்டிவெர்ஸ்' புத்தகத்தில் அதன் விதிகள் இருக்கின்றன. ஏமாற்றுகிற பாதிக்கு இதைவிட நல்ல கருவி இந்தப் பதிப்பில் கிடையாது. ஆசைப்படுகிற பாதியைப் புத்தகம் கண்டுகொள்ளவே இல்லை. சொல்லப்போனால், அதே விதிகள் அந்த ஆசைக்கு இருந்த வழிகளை ஒவ்வொன்றாக அடைத்துவிட்டன. வாங்குவதற்கு முன் இரண்டையும் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் பொருளைப் பற்றி. கெட்டி அட்டை, 288 பக்கம், வெளியானபோது அமெரிக்க விலை 49.95 டாலர். 2022 ஜனவரியில் மூன்று புத்தகப் பெட்டியின் பகுதியாகவும், மே மாதம் தனியாகவும் வெளியானது. முப்பதுக்கு மேற்பட்ட இனங்கள், 250-க்கு மேற்பட்ட அரக்கர்கள். பெரும்பாலானவை பழைய புத்தகங்களில் வந்தவைதான். திருத்தி ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறார்கள். சேஞ்ச்லிங்குக்கு இதில் கிடைத்திருப்பது சின்ன இடம். அறிமுகமாகச் சில பத்திகள், பிறகு விதிகள், அவ்வளவுதான். இந்த ஒரு இனத்துக்காக மட்டும் முழுப் புத்தகத்தையும் வாங்குவது, கறிவேப்பிலைக்காகக் காய்கறிக் கூடையையே விலை பேசுகிற கதை.

இந்த இனம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் வரும் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. 2004-இல் எபரான் என்ற கற்பனை உலகத்தோடு சேஞ்ச்லிங் அறிமுகமானபோது, மனிதருக்கும் டாப்பல்கேங்கர் என்ற உருமாறும் அரக்கருக்கும் பிறந்த வம்சம் என்று வைத்தார்கள். பாதி மனித ரத்தம். 2019-இல் ஐந்தாம் பதிப்புக்கான எபரான் புத்தகம் வந்தபோதும் ஆட்ட விதிப்படி அது 'ஹ்யூமனாய்ட்', அதாவது மனித வகையில் சேர்ந்தது. 2022-இல்தான் பூர்வீகத்தை ஃபேவைல்ட் என்ற தேவதை உலகத்துக்கு மாற்றி, வகையையும் 'ஃபே' என்று திருத்தினார்கள். கதைக்கு இது பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அந்த ஒற்றைச் சொல் மாறியதில் எத்தனை மந்திரங்களின் பலன் தலைகீழாகிறது என்று புத்தகம் விவரிக்கவில்லை.

இனி வேலையின் நுணுக்கம். தன் முறை வரும்போது ஒருவர் செய்யும் முக்கியச் செயலுக்கு ஆக்‌ஷன் என்று பெயர். ஒரு ஆக்‌ஷன் செலவழித்தால் தோற்றமும் குரலும் மாறும். நிறம், முடி நீளம், ஆணா பெண்ணா, பருமன் எல்லாம் உங்கள் விருப்பம். உயரத்தை மீடியத்துக்கும் ஸ்மாலுக்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் நிறுத்தலாம்; 2019 பதிப்பில் இந்த வசதி கிடையாது, அளவு மாறாத வரைக்கும்தான் உயரம் கூட்டிக் குறைக்க முடியும். அதனால் புதிய பதிப்பில் குள்ளமான ஹாஃப்லிங்காகவும் நிற்கலாம், நெட்டை மனிதனாகவும் நிற்கலாம். மீண்டும் ஒரு ஆக்‌ஷன் கொடுத்து உண்மை உருவத்துக்குத் திரும்புகிறவரை, அல்லது சாகிறவரை, அந்த முகம் நிலைக்கும். ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் என்ற கணக்கு இல்லை. கான்சன்ட்ரேஷன், அதாவது மந்திரம் கலையாமல் பிடித்துவைக்கும் கவனம், வேண்டாம். தூங்கினாலும் கலையாது. அடிபட்டு மயங்கி விழுந்தாலும் கலையாது.

எல்லைகள் நான்கு. கை கால் அமைப்பு மாறக்கூடாது, ஆகவே நான்கு கால் பிராணியாகவோ சிறகு முளைத்தவனாகவோ ஆக முடியாது. பார்த்திராத ஒரு தனி ஆளின் முகத்தை நகலெடுக்க முடியாது. உங்கள் எண்கள் எதுவும் மாறாது. மலை போன்ற ஓர்க் உருவம் எடுத்தாலும் ஸ்ட்ரெங்த் (உடல் வலு) 8 என்றால் 8-தான், ஓர்க் மொழியும் தானாக வந்துவிடாது. நான்காவது, உடையும் சாமான்களும் மாறாது.

பார்த்திராத முகம் என்பதில் ஒரு வாக்குவாதம் எப்போதும் கிளம்பும். ஓவியத்தைப் பார்த்தால் பார்த்த கணக்கா? நாணயத்தில் பொறித்த அரசன் முகம்? விதி பேசவில்லை. ஓவியம் போதும், ஆனால் டிசெப்ஷன் (ஏமாற்றும் திறன்) செக்கில், அதாவது பகடைச் சோதனையில், டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) என்று வைத்துக்கொண்டால் ஆட்டம் ஓடும்.

உடை விஷயத்தைப் புதிய ஆட்டக்காரர்கள் பத்துக்கு ஒன்பது பேர் மறப்பார்கள். காவலாளியின் முகத்தை ஒரு நொடியில் எடுத்துவிடுவார்கள். அவன் போட்டிருந்த சங்கிலிக் கவசத்தையும் இடுப்புச் சாவிக்கொத்தையும் யார் கொண்டுவந்து கொடுப்பது? ஆகவே பையில் எப்போதும் மூன்று செட் இருக்க வேண்டும். சாதாரணத் துணி 5 வெள்ளிக்காசு, வேஷத் துணி 5 பொற்காசு, பெரிய மனிதர் உடை 15 பொற்காசு. மூன்றும் சேர்ந்து 13 பவுண்டு கனம். ஸ்ட்ரெங்த் 8 வைத்துக்கொண்டு சுமக்கும்போது இது சும்மா இல்லை. டி.எம்., அதாவது ஆட்டத்தை நடத்துபவர், இரக்கப்பட்டால் எபரான் புத்தகத்தின் ஷிஃப்ட்வீவ் என்ற துணியைக் கேளுங்கள். ஐந்து உடைகள் வரை ஒரே துணிக்குள் பதிந்திருக்கும். போனஸ் ஆக்‌ஷனில் ஒரு சொல் சொன்னால் மாறிவிடும். பொருட்களின் தரவரிசையில் அது 'காமன்', அதாவது மிக எளிதாகக் கொடுக்கக்கூடியது. சேஞ்ச்லிங்குக்கு மந்திர வாளைவிட இதுதான் முதல் தேவை. கவசமே வேண்டுமென்றால் கிளாமர்ட் ஸ்டடட் லெதர் இருக்கிறது, ஆனால் அது 'ரேர்'. நடு ஆட்டத்துக்கு முன் எதிர்பார்க்க வேண்டாம்.

மந்திரவாதியின் டிஸ்கைஸ் செல்ஃப் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த மந்திரம் ஒரு மணி நேரம்தான் நிற்கும், அதுவும் கண்கட்டு வித்தை. வைத்த தொப்பியைத் தொட்டால் கை உள்ளே போய்விடும். ஆல்டர் செல்ஃப் உண்மையாகவே உடலை மாற்றும், ஆனால் இரண்டாம் நிலை மந்திரம், கான்சன்ட்ரேஷன், அதிகபட்சம் ஒரு மணி. சேஞ்ச்லிங்கின் முகத்தைத் தடவிப் பார்க்கலாம், கன்னத்தில் அறையலாம், முத்தமும் கொடுக்கலாம், உண்மையான தோல். அந்தப் பண்பின் வரிகளில் மந்திரம் என்ற சொல் வராததால், மந்திரத்தைக் கண்டுபிடிக்கும் டிடெக்ட் மேஜிக்கில் அது தெரியாது என்று தீர்ப்பதே நியாயமாகப் படுகிறது. சிலர் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முதல் நாளே பேசித் தீர்த்துவிடுங்கள்.

பாத்திரத்தைக் கட்டுவது எப்படி? ரோக் (தந்திரமும் ஒளிவும் தெரிந்தவன்) வகுப்பு, சார்லட்டன் (போலி வேஷக்காரன்) பின்னணி. 2014 விதிகளின் நிலையான எண் வரிசையை எடுத்துக்கொள்வோம்: 15, 14, 13, 12, 10, 8. கரிஸ்மாவுக்கு (ஆளைக் கவரும் திறன்) 15, இனத்தின் 2 சேர்த்து 17. டெக்ஸ்டெரிட்டிக்கு (சுறுசுறுப்பு) 14, அதோடு 1 சேர்த்து 15. கான்ஸ்டிட்யூஷன் 13, விஸ்டம் 12, இன்டெலிஜென்ஸ் 10, ஸ்ட்ரெங்த் 8. டெக்ஸ்டெரிட்டியை 16 ஆக்காமல் விடுவதால் கவச எண்ணில் 1 குறையும், அம்பு எய்வதிலும் 1 குறையும். தெரிந்தே கொடுக்கும் விலை. ஏனென்றால் நான்காம் லெவலில் ஆக்டர் என்ற ஃபீட் (கூடுதல் சிறப்புத் திறன்) எடுத்தால் கரிஸ்மாவில் 1 கூடி 18 ஆகும், கணக்கு நேராக விழும்.

சார்லட்டன் பின்னணி டிசெப்ஷனும் கை வேகமும் தரும். கூடவே வேஷப் பெட்டி, போலிப் பத்திரப் பெட்டி இரண்டிலும் தேர்ச்சி வரும். ஏற்கெனவே ஆவணங்களோடு நிலைநாட்டிய ஒரு பொய் அடையாளமும் அதன் கொடை. சேஞ்ச்லிங் இனம் ஐந்து திறன்களில் இரண்டைத் தேர்வு செய்யச் சொல்கிறது: டிசெப்ஷன், இன்சைட், இன்டிமிடேஷன், பெர்ஃபார்மன்ஸ், பெர்சுவேஷன். டிசெப்ஷனைப் பின்னணியிலேயே வாங்கிவிட்டதால் இங்கே இன்சைட்டும் பெர்சுவேஷனும் எடுங்கள். ரோக்கின் எக்ஸ்பர்டீஸை (தேர்ச்சி எண்ணை இரட்டிக்கும் சலுகை) டிசெப்ஷன்மேல் வைத்தால், முதல் லெவலிலேயே 20 முகப் பகடையோடு 7 கூட்டலாம்.

அந்த 7-க்கு என்ன அர்த்தம்? சாதாரணக் குடிமகனின் பாஸிவ் இன்சைட், அதாவது உருட்டாமலே பொய்யைக் கண்டுகொள்ளும் எண், 10. பகடையில் 1 அல்லது 2 விழுந்தால்தான் மாட்டுவீர்கள், அதாவது பத்து விழுக்காடு. அரக்கர் புத்தகத்தில் உள்ள 'நோபிள்', அதாவது பிரபு, இன்சைட்டில் 4 வைத்திருக்கிறார், பாஸிவ் 14. அவரிடம் முப்பது விழுக்காடு மாட்டுவீர்கள். ஆக்டர் ஃபீட் தரும் அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கைவந்தபின், மற்ற எண்கள் மாறவில்லை என்று வைத்துக்கொண்டாலே அந்த முப்பது ஒன்பதாக இறங்கும். சந்தைக்காரன் முன்னால் அச்சமில்லை, பிரபு வீட்டு விருந்தில் மட்டும் நெஞ்சு படபடக்கும். வேண்டியதும் அதுதான்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது பெரும்பாலும் டி.எம்.தான். வாசலில் ஒரு செக், மாடிப்படியில் ஒரு செக், வேலைக்காரி கேட்டால் ஒன்று, சமையற்காரன் கேட்டால் ஒன்று, கடைசியில் எஜமானியிடம் ஒன்று என்று ஐந்து முறை உருட்டச் சொன்னால், ஒவ்வொன்றிலும் பத்து விழுக்காடு ஆபத்து என்றாலும் மொத்தத்தில் 41 விழுக்காடு மாட்டிக்கொள்வீர்கள். அப்படி இரண்டு செஷன் ஆனதும் ஆட்டக்காரர் முகம் மாற்றுவதையே விட்டுவிட்டுக் கத்தியை எடுத்துவிடுவார். ஒரு காட்சிக்கு ஒரு செக் என்பதே சரி. அந்த எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, அந்த வீட்டில் சந்தேகப்படுகிற எல்லோருக்கும் எதிராக அதையே ஓட்டுங்கள். புதிதாக ஏதாவது ஆபத்து வந்தால், உதாரணமாக நிஜ ஆளே வாசலில் வந்து நின்றால், அப்போது மட்டும் மறுபடி உருட்டச் சொல்லலாம்.

குரல் மாறும் என்று விதி சொல்கிறது, பேச்சு மாறும் என்று சொல்லவில்லை. இதைப் பலர் கவனிப்பதில்லை. மாஸ்டர்மைண்ட் வகை ரோக் ஒருவரது பேச்சை ஒரு நிமிடம் கேட்டால் அவருடைய நடையையும் வட்டார வழக்கையும் பிசகாமல் பிடிப்பான். அசாசின் வகைக்கு 13-ஆம் லெவலில் மூன்று மணி நேரக் கவனிப்பு வேண்டும், ஆனால் கையெழுத்தும் பழக்கவழக்கமும் சேர்ந்து வரும். 9-ஆம் லெவலில் ஏழு நாளும் 25 பொற்காசும் செலவழித்து, தொழில், பூர்வீகம், தொடர்புகள் எல்லாம் உள்ள ஒரு முழு அடையாளத்தை உருவாக்குவான். மனிதனாக வாழ ஆசைப்படும் பாத்திரத்துக்கு இந்த ஏழு நாள் விதி கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டியது. ஒரு வாழ்க்கைக்கு விலை 25 பொற்காசு என்று ஆட்டமே எழுதி வைத்திருக்கிறது.

2019 புத்தகத்தின் மிக நல்ல பகுதி, சேஞ்ச்லிங்கின் முகங்களை இரண்டாகப் பிரித்துப் பேசிய இடம். ஒரு வேலைக்காகப் போட்டுக் கழற்றும் முகமூடி ஒன்று. பெயர், ஊர், நண்பர்கள், கடன், காதல் எல்லாம் சேர்ந்து வருடக்கணக்கில் வளர்ந்த 'பெர்சோனா' இன்னொன்று. இந்தப் பிரிவு இல்லாமல் சேஞ்ச்லிங் ஆடினால், மூன்றாவது செஷனில் எல்லா முகமும் ஒரே ஆளாகப் பேச ஆரம்பித்துவிடும். அதற்கு மருந்து எளிது: ஒரு பெர்சோனாவுக்கு ஒரு அட்டை. பெயர், வயது, தொழில். அடிக்கடி சொல்லும் ஒரு வார்த்தை. நடையில் ஒரு அடையாளம். இந்த முகத்தைத் தெரிந்தவர்கள் யார். அவர்களுக்குக் கொடுத்த வாக்கு என்ன. கடைசி வரிதான் முக்கியம். மூன்று பெர்சோனாவுக்கு மேல் வேண்டாம், நாலாவது அட்டை மேசையில் இருந்தால் டி.எம்.முக்கே பெயர் மறந்துவிடும்.

இப்போது 'ஃபே' என்ற அந்த ஒற்றைச் சொல்லுக்கு வருவோம்.

லாபம் முதலில். சார்ம் பர்சன், ஹோல்ட் பர்சன், டாமினேட் பர்சன் என்ற வசப்படுத்தும் மந்திரங்கள் மூன்றும் ஹ்யூமனாய்டைத்தான் பிடிக்கும். உங்களைத் தொடாது. 2017-இல் வந்த துணைவிதிப் புத்தகம், செல்லாத ஆள்மேல் இப்படி ஒரு மந்திரத்தை வீசினால் அவர் சேவில், அதாவது மந்திரத்தைத் தடுக்க உருட்டும் பகடையில், தப்பியது போலத்தான் தெரியும் என்கிறது. ஆகவே மந்திரம் வீசியவனுக்கு உங்கள்மேல் சந்தேகமும் வராது. முதல் லெவலிலேயே இப்படி ஒரு கவசம் கிடைப்பது பெரிய விஷயம், சில டி.எம்.கள் இந்த இனத்தையே அனுமதிக்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

நஷ்டம் கோயில் வாசலில் ஆரம்பிக்கிறது. டிடெக்ட் ஈவில் அண்ட் குட் என்ற முதல் நிலை மந்திரம், 30 அடிக்குள் ஃபே உள்பட ஆறு வகை வேற்றுலக உயிர்களில் ஏதாவது இருந்தால் எங்கே நிற்கிறது என்று காட்டிக்கொடுக்கும். முகம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் பயனில்லை. ஒரு அடி கல், ஒரு அங்குல உலோகம், மூன்று அடி மரம், அல்லது மெல்லிய ஈயத் தகடு குறுக்கே இருந்தால்தான் தப்பலாம். பூசாரி பக்கத்தில் வரும்போது தூணுக்குப் பின்னால் நிற்கிற பழக்கம் ஒரு சேஞ்ச்லிங்குக்கு வர வேண்டியது இதனால்தான்.

இன்னும் கொடுமை ஹாலோ. 24 மணி நேரம் ஓதி, 1,000 பொற்காசு மூலிகையும் எண்ணெயும் தூபமும் செலவழித்து ஒரு இடத்தைப் புனிதமாக்கும் ஐந்தாம் நிலை மந்திரம். 60 அடி ஆரத்துக்குள் ஃபே நுழையவே முடியாது. ஓதியவர் ஃபேக்கு விலக்கு கொடுத்திருந்தால் மட்டும் போகலாம். பெரிய கோயில்களில் இது இருப்பதாக டி.எம். வைத்தால் தவறு சொல்ல முடியாது. பன்னிரண்டு வருடம் ஒரு ஊரில் ரொட்டிக்கடை வைத்து, எல்லோருக்கும் நல்லவனாக இருந்து, கல்யாணம் பேசி முடித்த சேஞ்ச்லிங்கை நினைத்துப் பாருங்கள். முகூர்த்த நாளில் எல்லோரும் உள்ளே போகிறார்கள். மாப்பிள்ளையின் கால் மட்டும் வாசற்படியைத் தாண்டவில்லை. கண்ணுக்குத் தெரியாத சுவரில் மூக்கு இடிக்கிறது, பின்னால் நிற்கிற பெண் வீட்டார் "ஏன் நிற்கிறீர்கள், உள்ளே போங்கள்" என்கிறார்கள். விதிப் புத்தகத்தின் வறட்டு வரி ஒன்று இத்தனை பெரிய காட்சியைக் கையில் கொடுக்கிறது. எழுதினவர்கள் இதை நினைத்திருக்க வாய்ப்பே இல்லை.

சாவிலும் அதே கதை. செத்தால் முகம் கலையும் என்று முன்பே சொன்னோம். மனைவி மடியில் உயிர் போகிற நொடியில் அந்த ரொட்டிக்கடைக்காரர் முகம் வடிந்து, வெளிறிய தோலும் வெள்ளி முடியுமாக யாரோ ஒருவர் கிடப்பார். மயக்கம் வரை பாதுகாப்பு, மரணத்தில் இல்லை. உயிர் தப்புமா என்று டெத் சேவ் உருட்டும்போது சேஞ்ச்லிங் ஆட்டக்காரருக்கு உயிரோடு இன்னொன்றும் பணயம்.

சரி, உண்மையாகவே மனிதனாக மாறிவிடலாமா? நம் கதைகளில் சித்தர்கள் கூடுவிட்டுக் கூடு பாய்வது போல, இந்த ஆட்டத்தில் அதற்கு ரீஇன்கார்னேட் இருக்கிறது. ஐந்தாம் நிலை ட்ரூயிட் (இயற்கையிடம் சக்தி பெறுபவர்) மந்திரம், ஒரு மணி நேரச் சடங்கு, 1,000 பொற்காசு பெறும் அரிய தைலங்கள். செத்துப் பத்து நாளுக்குள் செய்தால் ஆன்மாவுக்குப் புதிதாக ஒரு வளர்ந்த உடல் கிடைக்கும். எந்த இனம் என்பதை நூறு முகப் பகடை முடிவு செய்யும். 2014 அட்டவணையில் 77 முதல் 96 வரை விழுந்தால் மனிதன், ஐந்தில் ஒரு வாய்ப்பு. நினைவுகள் எல்லாம் இருக்கும், பழைய இனத்தின் பண்புகள் போய்விடும். அதாவது மனித உடல் கிடைக்கும், முகம் மாற்றும் வித்தை போகும். இந்தப் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேரம் வேறு இல்லை.

ஆனால் மந்திரத்தின் முதல் வரியைப் படியுங்கள்: செத்துப்போன ஹ்யூமனாய்டைத் தொட வேண்டும். 2019 சேஞ்ச்லிங் ஹ்யூமனாய்ட், பலிக்கும். 2022 சேஞ்ச்லிங் ஃபே, பலிக்காது. இருந்த ஒரே நேர்வழியை ஒரு திருத்தம் பூட்டிவிட்டது.

மற்ற வழிகள் எல்லாம் சுற்றுவழி. ட்ரூ பாலிமார்ஃப் ஒன்பதாம் நிலை மந்திரம், 17-ஆம் லெவல் மந்திரவாதி வேண்டும். ஒரு மணி நேரம் முழுக்கக் கான்சன்ட்ரேஷன் பிடித்தால் நிரந்தரமாகும், ஆனால் யாராவது மந்திரத்தைக் கலைக்கும் டிஸ்பெல் மேஜிக் போட்டு 19 எடுத்துவிட்டால் கதை முடிந்தது. ஹிட் பாயின்ட் (உயிர்ப் புள்ளி) பூஜ்யமானாலும் பழைய உருவம்தான். அதோடு அந்த மந்திரம் ஷேப்சேஞ்சர்மேல், அதாவது உருமாறும் உயிர்மேல், செல்லாது என்று எழுதியிருக்கிறது. சேஞ்ச்லிங்கின் பண்புக்குப் பெயரே ஷேப்சேஞ்சர். பண்பின் பெயர் ஒன்று, உயிரின் வகைக் குறிப்பு வேறொன்று என்று வாதிடலாம், எதிராகவும் வாதிடலாம். மூன்பீம் மந்திரத்திலும் இதே இழுபறி: அந்த நிலவொளியில் ஷேப்சேஞ்சர் டிஸ்அட்வான்டேஜோடு சேவ் உருட்ட வேண்டும், தோற்றால் உண்மை உருவம் வெளிப்படும். இரண்டுக்கும் ஒரே தீர்ப்பு சொல்லுங்கள். லாபம் வரும்போது ஷேப்சேஞ்சர், நஷ்டம் வரும்போது இல்லை என்று வைத்துக்கொள்ளக்கூடாது. கேட்டதைக் கொடுக்கும் விஷ் மந்திரத்தில் மனித உடல் கேட்கலாம். கேட்டுக்கொடுக்கும் மந்திரவாதி இனி எப்போதும் விஷ் ஓத முடியாமல் போக 33 விழுக்காடு ஆபத்து. அவ்வளவு நல்ல நண்பன் இருந்தால் அதுவே ஒரு கதை.

ஜோன் ஆஃப் ட்ரூத் வட்டத்துக்குள் சேஞ்ச்லிங்கை நிறுத்தி "உன் பெயர் என்ன?" என்று கேட்டால் என்ன ஆகும் என்பதும் யோசிக்க வேண்டியது. சேவில் தோற்றவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது என்பதுதான் அந்த மந்திரத்தின் விதி. நேற்று போட்ட முகமூடியின் பெயர் பொய், வாயில் வராது. பன்னிரண்டு வருடம் அந்தப் பெயரில் மாவு பிசைந்தவனுக்கு? அவன் அதைத் தன் பெயர் என்று மனதார நம்பினால் பொய்யாகாது. ஆட்டக்காரர் என்ன பதில் சொல்கிறார் என்று பார்த்துவிட்டு டி.எம். தீர்ப்பு சொல்லலாம், அந்தப் பதிலே பாத்திரம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று காட்டிவிடும்.

2022 புத்தகத்தில் கொஞ்சமும் இல்லாத ஒன்று, சேஞ்ச்லிங் என்ற பெயரின் நாட்டுப்புற வேர். ஐரோப்பியக் கதைகளில் சேஞ்ச்லிங் என்பது மனிதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதன் இடத்தில் தேவதைகள் விட்டுப்போன பிள்ளை. அடையாளம் கண்டுபிடிக்க முட்டை ஓட்டில் அடுப்பு மேல் சமையல் செய்வார்களாம். தொட்டிலில் கிடக்கும் பேசாத சிசு ஆச்சரியம் தாங்காமல் "இத்தனை வயதில் இப்படி ஒரு கூத்தைப் பார்த்ததில்லையே" என்று வாய்திறந்து மாட்டிக்கொள்ளும். அருமையான ஆட்டக் காட்சி, விட்டுவிட்டார்கள். இருட்டான பக்கமும் உண்டு: 1895-இல் அயர்லாந்தின் டிப்பரேரியில் பிரிஜட் கிளியரி என்ற பெண்ணை, இவள் என் மனைவி இல்லை, தேவதைகள் மாற்றிவைத்த ஆள் என்று சொல்லிக் கணவனே எரித்துக் கொன்றான். சேஞ்ச்லிங் என்று தெரிந்தால் ஊர் என்ன செய்யும் என்று டி.எம். யோசிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும். சிரிப்புக்காக ஊர்க்காரர்களைத் தீப்பந்தத்தோடு வரவைக்காதீர்கள்.

மேசையில் நடக்கும் கோளாறுகளில் முதலாவது, தனியாவர்த்தனம். சேஞ்ச்லிங் ஒருவர் மட்டும் அரண்மனைக்குள் போய் முக்கால் மணி நேரம் நடிப்பார், மற்ற நால்வரும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊடுருவலைப் பத்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள், அல்லது மற்றவர்களை வேலைக்காரர்களாகக் கூடவே அனுப்புங்கள். இரண்டாவது, கூட்டாளியின் முகத்தை எடுத்துக்கொண்டு விளையாடுவது. ஒரு முறை வேடிக்கை, இரண்டாவது முறை சண்டை. மேசையில் உள்ளவர்கள் முன்கூட்டியே சம்மதிக்காமல் இதைச் செய்யக்கூடாது.

2024-இல் வந்த புதிய விதிகளோடு சேர்த்து ஆடுகிறவர்கள், இனம் தரும் எண் கூட்டலை விட்டுவிட வேண்டும்; இப்போது அது பின்னணியிலிருந்து வருகிறது. இனத்தின் மற்ற பண்புகள் அப்படியே பொருந்தும். டிஜிட்டலில் முன்பு ஒரு இனத்தை மட்டும் தனியாக வாங்கும் வசதி இருந்தது, 2024-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள்.

ஆக யாருக்கு எது? வெறும் ஏமாற்றுக்காரன் வேண்டுமென்றால் 2022 பதிப்பு. உயரம் மாறும் வசதியும் சார்ம் பர்சன் பாதுகாப்பும் போதும் போதும் என்னும் அளவுக்கு வேலை செய்யும். மனிதனாக ஏங்கும் பாத்திரம் என்றால் 2019 எபரான் பதிப்பையே பரிந்துரைக்கிறோம். பூட்டாத கதவு அதில்தான் இருக்கிறது. 2022 பதிப்புதான் கையில் இருக்கிறதென்றால், வகையை ஹ்யூமனாய்ட் என்று மாற்றிக்கொள்ளலாமா என்று முதல் செஷனுக்கு முன் டி.எம்.மிடம் கேளுங்கள். கவசத்தைக் கொடுத்துக் கதவை வாங்குகிற மாற்று அது, பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். ஒத்துக்கொண்டால், ரீஇன்கார்னேட் நடக்கும் நாளில் நூறு முகப் பகடையை டி.எம். திரைக்குப் பின்னால் உருட்டக்கூடாது. எல்லோரும் பார்க்க, பாத்திரத்தின் சொந்தக்காரர் கையால், மேசை நடுவில் விழட்டும். 77-க்குக் கீழே விழுந்தால் பெரும்பாலும் எல்ஃபோ குள்ளனோ ஹாஃப்லிங்கோ. அந்த இனங்களுக்கான பாத்திர அட்டைகளையும் அச்செடுத்து வைத்திருங்கள்.